பதினைந்து புளியங்கொட்டைகள்

பிலோமினாள் அக்காவும் நானும் ஜமுனாமரத்தூரில் ஒரே அறையில் ஏழு வருஷம் குடியிருந்தோம். அவர் டீச்சர், நான் நர்ஸ். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும், அவர்களுடைய புருஷன்மாருக்கும், மாமியார்களுக்கும், ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கும் பாடம் சொல்லும் டீச்சர். அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்று 1977-இல் எங்கள் இருவரையும் மலைக்கு அனுப்பியது. எனக்கு ஊசி போடத் தெரியும், திட்டத் தெரியும். அக்காவுக்குப் பேசத் தெரியும், குழம்பத் தெரியும்.

குழப்பம் என்றால் சாதாரணக் குழப்பம் இல்லை. கணியம்பாடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஜெபமாலை சொல்லும்போது ஒன்பதாவது மணியா பத்தாவது மணியா என்று சந்தேகம் வந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். எனக்குத் தூக்கம் போகும். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மைல் நடந்த பிறகு, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடுவார். ஆனால் பாடம் சொல்ல நின்றுவிட்டால் வேறு ஆள். குரல் கணீரென்று வரும், ஒரு சொல் தடுமாறாது. பாடம் முடிந்து இறங்கி வரும் வழியில்தான் மறுபடியும் தொடங்குவார்.

"ஜோசி, அதுங்களுக்குப் புரிஞ்சுதா, இல்ல புரியாமலே தலையாட்டுனாங்களா?"

"நீங்க தலையாட்டச் சொன்னீங்க, ஆட்டுனாங்க. நடங்கக்கா, இருட்டிடும்" என்பேன்.

மருத்துவச்சிகளுக்கு நடந்த முதல் வகுப்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஆளுக்கு ஓர் அலுமினியப் பெட்டி கொடுத்தோம். உள்ளே சோப்பு, நூல், புது பிளேடு. தொப்புள்கொடி அறுக்கும் பிளேடை இருபது நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும் என்பது பாடம். கடிகாரம் யார் வீட்டில் இருக்கிறது? அக்கா கொஞ்சம் யோசித்து, "ஒரு படி சாமை வேகற நேரம்" என்றார். எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்த மாதம் வேங்கைமரத்தூர் மருத்துவச்சி சுந்தரம்மாள் பெருமையாக எழுந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும், மலையே அதிரப் பேசுகிறவள்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சேன் டீச்சர். சாமையும் வெந்துது, பிளேடும் வெந்துது."

ஒரே பானையில் வேக வைத்திருக்கிறாள். சோற்றைப் பிள்ளை பெற்ற வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பிளேடுக்குத் தனிப் பானை வைக்க வேண்டும் என்று பாடத்தைத் திருத்தினார்.

"தனிப் பானையில போட்டா வெந்துச்சா வேகலையான்னு எப்பிடிப் பாக்கறது? பிளேட வாயில போட்டு மென்னு பாக்கவா?" என்றாள் சுந்தரம்மாள்.

அக்கா அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வியையே அசை போட்டுக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய தலைவலி மாதக் கணக்கு. அந்த நாளில் மலையில் பச்சைப் பிள்ளைகள் நன்றாகப் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஆறாம் நாளோ ஏழாம் நாளோ வாய் இறுகிப்போய் பால் குடிக்க மாட்டாமல், உடம்பு வில்லாக வளைந்து இழுப்பு வந்து போய்விடும். கொடி அறுத்த இடத்தில் அழுக்குப் பட்டு வருகிற நோய். தாய்க்கு இரண்டு ஊசி போட்டால் பிள்ளைக்கு வராது. எங்கள் திட்டத்தில் ஏழாம் மாதம் ஒன்று, எட்டாம் மாதம் ஒன்று என்று விதி. மருந்து பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் மாதத்துக்கு ஒரு சந்தை நாளில் பஸ்ஸில் வரும். அன்றே போட்டு முடித்துவிட வேண்டும். ஆகவே யாருக்கு எத்தனை மாதம் என்று தெரிந்தாக வேண்டும்.

"எத்தன மாசம்?" என்று கேட்டால், "கேவுரு நாத்து நட்டப்போ தலைக்கு ஊத்தல" என்பார்கள். ஒருத்தி கேழ்வரகு நாற்று நட்டதற்கும் இன்னொருத்தி நட்டதற்கும் நடுவே ஒரு மாதம் இருக்கும். காலண்டர் கொடுத்துப் பார்த்தோம். சாமி படம் நன்றாக இருக்கிறதென்று மாட்டி வைத்தார்கள். ஒருவரும் தாள் கிழிக்கவில்லை.

அதற்கு அக்கா கண்டுபிடித்த வழிதான் மூங்கில் குழாய். முழங்கை நீளத்துக்கு ஒரு குழாயை வீட்டுக் கூரை விளிம்பில், இறவாணத்தில் செருகி வைக்க வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை பிள்ளைக்காக ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். நாங்கள் போகும்போது குழாயைக் கவிழ்த்து எண்ணிக்கொள்வோம். புளியங்கொட்டை இல்லாத வீடு அந்த மலையில் கிடையாது. நல்ல யோசனை என்று நானே சொன்னேன். நான் லேசில் யாரையும் பாராட்ட மாட்டேன்.

இந்தக் குழாய்க் கணக்குக்குள்தான் 1979-இல் செந்தாமரை வந்து சேர்ந்தாள்.

வேங்கைமரத்தூர்க்காரி. ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டு மணி நேர நடை. புருஷன் லட்சுமணனுக்குச் சாமைக் கொல்லையும் நாலு புளியமரமும் இருந்தன. அவளுக்கு இருபத்திரண்டு வயதிருந்தாலும் பதினாறுக்கு மேல் மதிக்க முடியாது, அவ்வளவு சின்ன உடம்பு. முன்னே இரண்டு பெற்றிருந்தாள். இரண்டும் ஏழு நாளைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்திருந்தார்கள். இது மூன்றாவது, மூன்று மாதம் என்று அவள் சொன்ன பருவத்தை வைத்து அக்கா கணக்கிட்டார்.

அக்கா பதிவேட்டைத் திறந்து வரிசையாகக் கேட்டார்.

"எத்தன புள்ளைங்கம்மா?"

"ரெண்டு டீச்சர்."

அக்கா இரண்டு என்று எழுதினார். அது "உயிருடன் உள்ள குழந்தைகள்" என்ற கட்டம். நான் எட்டிப் பார்த்து, "அக்கா, அங்க சைபர் போடணும்" என்றேன். அவர் பதறிப்போய் இரண்டை அடித்துவிட்டுச் சைபர் போட்டார். செந்தாமரைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடிப்பது யாருக்கும் தெரியும். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், அடிச்சிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, தப்பா எழுதிட்டேன்" என்றார் அக்கா. அப்புறம் குழாயில் மூன்று கொட்டை போட்டு அவள் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? "இந்தப் புள்ள உனக்குத் தங்கும். நான் சொல்றேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். செந்தாமரை குழாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வழியில் அக்காவைப் பிடித்து ஏசினேன். ஆண்டவரே கொடுக்காத வாக்கை இவர் எப்படிக் கொடுக்கலாம்? அக்கா பாவம், "வாய் தவறி வந்துட்டுது ஜோசி. இப்ப இன்னா பண்றது?" என்று ஊர் வந்து சேருகிற வரைக்கும் புலம்பினார்.

மழைக்காலம் வந்தது. அந்தப் பக்கம் நாலு மாதம் போக முடியவில்லை. மழை விட்டதும் போய்க் குழாயைக் கவிழ்த்தோம். அக்கா எண்ணினார். மறுபடியும் எண்ணினார். என்னிடம் தள்ளினார். நானும் எண்ணினேன்.

பதினைந்து.

யானைதான் அத்தனை மாதம் சுமக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வருஷம் ஆண்களுக்கு நடத்திய வகுப்பில், பிள்ளை இரண்டு பேருக்கும் சொந்தம், கணக்கும் இரண்டு பேருக்கும் சொந்தம் என்று பேசியிருந்தார். அது நினைவுக்கு வந்து லட்சுமணனைக் கூப்பிட்டார்.

"நீயும் போட்டியாப்பா?"

"அய்யோ, நான் தொடவே இல்லீங்க. பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கு இன்னா தெரியும்?"

மாமியார் மங்கம்மாளைக் கேட்டார். அவள் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்ச் சத்தியம் செய்தாள். கடைசியில் செந்தாமரை.

"நீங்க சொன்ன மாதிரி அமாவாசைக்கு அமாவாசைதான் போட்டேன் டீச்சர்."

"தப்பாம போட்டியா? நடுவுல வேற நாள்ல போட்டியா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் எப்பிடிம்மா பதினஞ்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நான் வேறு பக்கத்திலிருந்து, "ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா?" என்று அதட்டினேன். அதோடு அவள் வாய் அடைத்துப்போனது. அந்த அதட்டலை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்கா கொட்டைகளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். முதலில் தான் போட்ட மூன்று போக மற்றதை இரண்டு பேர் போட்டிருந்தால் ஒன்பது மாதம். வயிறோ அப்படி இல்லை. தெரியாமல் இரண்டு கை அள்ளிப் போட்டிருந்தால் கணக்கே இல்லை. மூன்றோடு நாலைக் கூட்டினால் ஏழு, ஆனால் அந்த முதல் மூன்றே குத்துமதிப்பாகப் போட்டதுதான். என்னை வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் தடவிப் பார்த்து, நாடாவும் பிடித்து, ஆறு மாதம் என்றேன். சின்ன உடம்புக்காரிக்கு வயிறும் சின்னதாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஆறு என்றேன். அக்கா தொட்டுப் பார்த்து, "ஏழு மாதிரி இல்ல?" என்றார். "ஆறுதான்" என்று ஒரே பிடியாக நின்றேன். குழம்புகிறவரும் அடம் பிடிக்கிறவளும் சேர்ந்தால் அடம்தான் ஜெயிக்கும்.

அக்கா எழுந்து பதினைந்து கொட்டைகளையும் வாசலில் வீசிக் கொட்டினார். புதிதாக ஆறு எண்ணிக் குழாயில் போட்டார். செந்தாமரை வாசலைப் பார்த்தபடி நின்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய சேற்றில் கொட்டைகள் சிதறிக் கிடந்தன. நாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அடுத்த வாரமே சந்தை நாள், மருந்து வந்தது. ஏழு ஆகவில்லை என்று நினைத்து அவளை வரச் சொல்லி ஆள் அனுப்பவில்லை. அதற்கடுத்த மாதம் நடந்தே வந்து முதல் ஊசி போட்டுக்கொண்டாள். விதியை மீறி முந்தின சந்தையிலேயே ஓர் ஊசி போட்டிருந்தால் எந்தக் குடி முழுகிப் போயிருக்கும்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது ஊசிக்கு நாலு நாள் இருந்தது. காலையில் அக்கா சந்தை மைதானத்து ஓரத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். லட்சுமணன் மூச்சிறைக்க ஓடிவந்து நின்றான்.

"டீச்சர், விடியக்கால பொறந்துட்டுது. பையன்."

அக்கா சந்தோஷப்படவில்லை. பாடத்தைப் பாதியில் விட்டார். அவர் பாடத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எங்கள் கணக்குப்படி எட்டாம் மாதம். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஊரே சொல்லும். ஊசியும் ஒன்றுதான் ஏறியிருந்தது, ஒன்று போதாது. மலை ஏறும்போதெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். "எட்டா ஜோசி, ஒம்போதா? ஒம்போதா இருந்தா அந்தக் கொட்டைங்க இன்னா? அந்தப் பொண்ணு பொய் சொல்லாதே." நான் முன்னால் எட்டி நடந்தேன்.

போய்ப் பார்த்தால் பிள்ளை முழுசாக இருந்தான். விரல் நுனிவரை நகம் இருந்தது. வீடே அதிர அழுதான். இது எட்டாம் மாதப் பிள்ளையே இல்லை. என் கைக்கணக்கு தப்பு, அக்காவின் சந்தேகம் சரி. பதினைந்து கொட்டை மட்டும் இன்னும் விளங்கவில்லை.

சுந்தரம்மாள்தான் பிரசவம் பார்த்திருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுந்தரம்மா, கொடிய எப்பிடி அறுத்தே?"

"பிளேடாலதான்."

"வேக வச்சியா?"

சுந்தரம்மாள் மென்று விழுங்கினாள். "கோச்சிக்காத டீச்சர். தனிப் பானையில போட்டேன். எப்ப எறக்கறதுன்னு தெரியல. மறுபடி எடுத்து சாமையிலயே போட்டுட்டேன். சாமை கொழைஞ்சப்புறம்தான் எடுத்தேன்."

"கொடி மேல சாம்பல் கீம்பல் வச்சியா?"

"மங்கம்மா வைக்கச் சொன்னா. டீச்சரு திட்டும்னு நான் வைக்கல."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சுந்தரம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்புச் செய்தால் இந்த டீச்சர் கட்டிப் பிடிக்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

நான் இறங்கிவிட்டேன். அக்கா வர மறுத்தார். எட்டு நாள் தாண்டாமல் அந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நூறு தடவை சொன்ன பாடம். சுத்தமாக அறுத்தால் வராது என்று ஊர் ஊராகச் சொன்னவர், தான் சொன்னதைத் தானே நம்ப முடியாமல் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே எட்டு நாளும் உட்கார்ந்திருந்தார். ஏழாம் நாள் மத்தியானம் பிள்ளை பால் குடிக்காமல் வெகுநேரம் தூங்கியிருக்கிறான். அக்கா நடுங்கிப்போய் அவன் உள்ளங்காலைக் கிள்ளியிருக்கிறார். அவன் வீல் என்று கத்தி எழுந்து, செந்தாமரையின் மார்பில் முட்டி முட்டிப் பால் குடித்தானாம். மங்கம்மாள் மட்டும், "நல்லா தூங்கற புள்ளய கிள்ளறாளே, இன்னா டீச்சரோ" என்று முணுமுணுத்தாளாம்.

ஒன்பதாம் நாள் அக்காவைக் கூட்டிவர நான் போனேன். தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணீர் வார்த்து முடித்திருந்தார்கள். பிள்ளை நன்றாக இருந்தான். அக்கா எட்டு நாள் தூங்காத கண்ணோடு சிரித்தார். அப்போது செந்தாமரை உள்ளே போய் ஒரு துணி முடிச்சோடு வந்தாள். அக்கா முன்னால் வைத்து அவிழ்த்தாள்.

புளியங்கொட்டைகள். சேறு காய்ந்து போயிருந்தது.

"நீங்க வாசல்ல கொட்டிட்டுப் போனீங்களே டீச்சர், பொறுக்கி வச்சேன். பதினாலுதான் கெடச்சுது."

"எதுக்கும்மா இது?"

செந்தாமரை பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நீங்க மூணு போட்டுக் குடுத்தீங்க. அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை நான் மூணு மூணா போட்டேன். இவனுக்கு ஒண்ணு. பலாமரத்தாண்ட கீதுங்களே, அதுங்களுக்கு ஒண்ணு ஒண்ணு. இவனுக்கு மட்டும் போட்டா அதுங்க இன்னா நெனைக்கும்?"

நான் மனதுக்குள் கூட்டினேன். மூன்று. நாலு அமாவாசைக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. பதினைந்து. ஏழு மாதம். அவள் ஒரு நாள்கூடத் தப்பாமல் போட்டிருக்கிறாள்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று அக்கா கேட்டார்.

"மொதல் நாளு ரெண்டுன்னு சொன்னேன். நீங்க அடிச்சிட்டீங்க. அதுங்கள கணக்குல சேக்கக்கூடாதுன்னு நெனைச்சேன். சொன்னா திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்." பிறகு மெல்லச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் கெடைக்கல டீச்சர். எந்தப் புள்ளையோடதுன்னு தெரியல. இவனோடதா இருக்குமோன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

அக்கா பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். சைபர் போட்ட கட்டத்தில் மூன்று என்று எழுதினார். பின்னால் அந்த ஏட்டைப் பார்த்து, உயிருடன் இருப்பது ஒன்றுதானே, மூன்று எப்படி என்று மேலிடத்திலிருந்து இரண்டு தடவை கேட்டு எழுதினார்கள். அக்கா எதற்கும் குழம்புகிறவர், அதற்கு மட்டும் குழம்பவில்லை, பதிலும் போடவில்லை. அதன் பிறகு மலையை விட்டு இறங்கும் வரைக்கும், எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயை எடுப்பதற்கு முன்னால், "இதுக்கு முன்னாடி பொறந்ததுங்களப் பத்திச் சொல்லும்மா" என்றுதான் தொடங்குவார். கேட்டுக்கொண்டே இருப்பார், எனக்குப் பஸ் போய்விடும்.

அன்றைக்கு அவர் பதிவேட்டை மூடிவிட்டு வாசலுக்கு இறங்கினார். மாடு நின்ற இடத்தில் குந்தி, மண்ணை விரலால் கிளற ஆரம்பித்தார்.

"அக்கா, ரெண்டு மாசம் ஆச்சு. மாடு மிதிச்சிருக்கும், மழை அடிச்சிருக்கும். வீட்டைச் சுத்திப் புளியமரம். எந்தக் கொட்டைய எடுத்தாலும் அதுதான்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியல ஜோசி" என்றார். நிமிரவில்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியல. நான்தானே வீசினேன்."

செந்தாமரை பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதான் என்று அடித்துச் சொன்னவள் நான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் அந்தச் சேற்றில் குந்தினேன். வெயில் இறங்கும்வரை மூன்று பேரும் தேடினோம்.